ஏசி, ஃபிரிட்ஜ் கழற்றும்போது உள்ளே இருக்கிற கேஸை என்ன செய்கிறீர்கள்? (விவாத இழை)

குளிர்ப்பட்டறை (ரங்கூன்)

அனைவருக்கும் வணக்கம். ரங்கூனில் ஏசி, ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் இருக்கும் நம்மவர்கள் இங்கே படிப்பீர்கள் என்பதால் இந்தக் கேள்வியைப் போடுகிறேன்.

பழைய ஸ்பிளிட் ஏசியைக் கழற்றக் கூப்பிடுகிறார்கள். புதுசு வந்துவிட்டது, பழசு சுவரை விட்டு இறங்கினால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். பெரும்பாலும் என்ன நடக்கிறது? நட்டைத் தளர்த்தி, கேஸ் உஸ்ஸென்று முழுக்கப் போகும் வரை ஒதுங்கி நின்றுவிட்டு, பிறகு குழாயை அறுக்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போன பெட்டிக்கும் இதே கதிதான். செம்புக்கு விலை, அலுமினியத்துக்கு விலை, இரும்புக்கும் விலை. கேஸை மட்டும் யாரும் சீந்துவதில்லை. அதே வாரம் இன்னொரு வீட்டுக்குக் காசு கொடுத்து ஆர்-22 என்கிற அதே குளிரூட்டும் கேஸை வாங்கி அடிக்கிறோம்.

1 ஹெச்.பி. ஏசியில் சுமார் 700 கிராம் ஆர்-22 இருக்கும். ஒரு கிலோ ஆர்-22, நூறு வருடக் கணக்கில், 1,810 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அப்படியானால் ஓர் ஏசியைத் திறந்துவிட்டால் 1,267 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வருவது 2.3 கிலோ. ஏறக்குறைய 550 லிட்டர் பெட்ரோலை ஒரே மூச்சில் எரித்ததற்குச் சமம். ஓசோன் படலத்துக்கு வரும் சேதம் தனி.

சுழற்சிப் பொருளாதாரம் என்று பெரிய இடங்களில் பேசுகிறார்கள். எடுத்த பொருளைக் குப்பையில் போடாமல் மறுபடி மறுபடி வேலைக்கு வைத்துக்கொள்வது. குளிர்சாதனத் தொழிலில் அது நம் கையில் இருக்கிற ஸ்பானரில்தான் தொடங்குகிறது என்பது என் கட்சி. கேஸை வெளியே விடாத மெக்கானிக் இல்லாமல் மற்ற எதைப் பேசியும் பயனில்லை. உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள்?

மோல்மேன்காரன்

பம்ப் டவுன், அதாவது கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைப்பது, அதைச் செய்யாமல் ஏசியை இறக்கவே கூடாது தம்பி. எங்கள் வாத்தியார் அப்படித்தான் பழக்கினார். செலவு ஒன்றும் கிடையாது, ஓர் ஆலன் கீ, ஒரு ஸ்பானர், ஒரு கேஜ் போதும்.

தெரியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஏசியைக் கூலிங்கில் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். வெளி யூனிட்டில் சின்னக் குழாயின் வால்வை ஆலன் கீ போட்டு முழுதும் மூடுங்கள். இனி உள்ளே போக கேஸுக்கு வழி இல்லை, ஆனால் கம்ப்ரசர் உள் யூனிட்டில் இருப்பதை இழுத்துக்கொண்டே இருக்கும். பெரிய குழாய்ப் பக்கத்துக் கேஜில் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். பூஜ்யத்துக்குச் சற்று மேலே, 5 பி.எஸ்.ஐ. வாக்கில் வந்ததும் பெரிய வால்வையும் மூடிக் கரண்டை நிறுத்துங்கள். இப்போது கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது. இரண்டு வால்வுக்கும் மூடி போட்டு இறுக்கிவிட்டு அப்புறம் குழாயைக் கழற்றுங்கள்.

முள் பூஜ்யத்துக்குக் கீழே போகும் வரை ஓட விடாதீர்கள். எங்காவது ஓட்டை இருந்தால் காற்றை உள்ளே இழுக்கும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து கம்ப்ரசருக்குள் அழுத்தம் ஏறினால் வெடிக்கும். ஜப்பானில் இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன.

பால்வண்டி (இன்செயின்)

அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன். சித்திரை வெயிலில் பால் திரிந்து போகாமல் இருந்தால் போதும் என்பதுதான் எங்கள் கவலை. 2024 ஏப்ரல் 28 அன்று சவுக் ஊரில் 48.2 டிகிரி அடித்தது. அந்த வெயிலில் ஓசோனைப் பற்றி யோசிக்க எங்களுக்கு எங்கே நேரம்? கரண்டு மணி பார்த்துத்தான் வருகிறது. குளிர் இல்லாதவனிடம் போய், குளிரை ஒழுங்காகப் பயன்படுத்து என்று சொன்னால் எப்படி? கேஸைப் பிடித்து வைக்கிற செலவும் கடைசியில் எங்கள் தலையில்தானே விழும்?

பொறியியல் மாணவி

பால்வண்டி அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இதில் வானத்தைப் பற்றிய கவலை பாதிதான், மீதி பாதி உங்கள் பாக்கெட்டைப் பற்றியது.

ஓசோன் படலத்தைக் காக்க 1987ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அதன்படி வளரும் நாடுகள் ஆர்-22 வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அடிப்படை அளவிலிருந்து 2015ல் 10 சதவீதம், 2020ல் 35 சதவீதம், 2025ல் 67.5 சதவீதம் குறைப்பு. 2030ல் அனேகமாக முழுதும் நின்றுவிடும். அதற்குப் பிறகு 2040 வரை, ஏற்கெனவே ஓடுகிற மெஷின்களின் பழுதுக்காக மட்டும் சராசரியாக 2.5 சதவீதம் அனுமதி. இதற்கெல்லாம் கணக்கு புதிதாகத் தயாரிக்கிற, இறக்குமதியாகிற வாயுவுக்குத்தான். பழைய மெஷினிலிருந்து மீட்டு மறுபடி பயன்படுத்துகிற வாயு அந்தக் கணக்கில் சேராது.

ஆகவே இன்று நாம் காற்றில் விடுகிற ஒவ்வொரு கிலோவும், பிற்பாடு ஆர்-22 மெஷின் வைத்திருக்கிற கடைக்காரர் தேடியும் கிடைக்காத ஒரு கிலோ. புது மெஷின் வாங்க வசதி உள்ளவர் மாறிக்கொள்வார். பழைய மெஷினை நம்பி இருக்கிறவர்தான் மாட்டிக்கொள்வார்.

ஆர்-22க்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் மேலே சொன்ன அதே கரியமில வாயுக் கணக்கில் அதன் சூடாக்கும் திறன் கிலோவுக்கு 2,088. ஆர்-32க்கு 675. இவற்றைக் குறைக்கத்தான் 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் அந்த உடன்படிக்கைக்குத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கேஸின் பெயர் மாறினாலும் வெளியே விடக் கூடாது என்பது மாறவில்லை.

குளிர்ப்பட்டறை (ரங்கூன்)

தங்கச்சி சரியாகச் சொன்னது. பால்வண்டித் தம்பிக்கு இன்னொன்று சொல்கிறேன், உங்கள் காசு உண்மையில் எங்கே போகிறது என்று.

"வருடத்துக்கு ஒரு முறை கேஸ் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேஸ் தேய்கிற பொருள் இல்லை. மோட்டார் வண்டியில் பெட்ரோல் போல எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஒழுகலைப் பார்க்காமல் மேலே மேலே கேஸ் அடித்தால் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதை. வீட்டுக்காரர் வருடா வருடம் காசு கொடுப்பார், கேஸ் குறைந்த மெஷின் இரவெல்லாம் நிற்காமல் ஓடிக் கரண்டைத் தின்னும், கடைசியில் கம்ப்ரசர் சூடேறிக் கருகும்.

சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பார்த்தாலே பாதி ஒழுகல்கள் தெரிந்துவிடும். ஃபிளேர் நட்டு (குழாயை இணைக்கிற நட்டு), சர்வீஸ் வால்வின் சின்ன ஊசி, உள் யூனிட்டின் செம்பு வளைவு ஆகிய மூன்று இடங்களை முதலில் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கருப்பாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கும். நைட்ரஜன் கிடைத்தால் அதில் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். கேஸையே விட்டு ஓட்டை தேடுவது காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு.

ஒழுகலை அடைத்துத் தருகிற மெக்கானிக்குக் கூலி கூடத்தான். அடுத்த வருடமும் அவரைக் கூப்பிட வேண்டி வராது என்பதையும் கணக்கில் சேருங்கள். செலவு யார் தலையில் என்று கேட்டீர்கள், இப்போதே உங்கள் தலையில்தான் விழுந்துகொண்டிருக்கிறது.

பூக்கடை அக்கா

நான் மெக்கானிக் இல்லை, கோயில் பக்கத்தில் பூ கட்டி விற்கிறேன். மல்லிகையை மறுநாள் வரை வைக்க ஒரு ஃபிரிட்ஜ் வேண்டும். புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. ஜப்பான் பழைய சாமான் கடையில் நல்ல பெட்டிகள் இருக்கின்றன. வாங்கலாமா? இங்கே பேசுவதைப் பார்த்தால் பழசு வாங்குவது நல்லதா கெட்டதா என்றே புரியவில்லை.

சிங்கை வாசி

அக்கா, நான் தட்டோனில் பிறந்து இப்போது சிங்கப்பூரில் கட்டடக் குளிரூட்டல் வேலையில் இருக்கிறேன். பழைய சாமான் விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஜப்பானில் 2001 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஏசி, ஃபிரிட்ஜ், டிவி, துணி துவைக்கும் மெஷின் இவற்றைத் தூக்கிப் போடுகிறவர் கட்டணம் கட்ட வேண்டும். கம்பெனிகள் அவற்றைத் திரும்ப வாங்கி, கேஸை மீட்டு, உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரிக்க வேண்டும். பழைய சாமானாகக் கப்பல் ஏறிவிட்ட பெட்டி அந்த ஏற்பாட்டுக்குள் போவதில்லை. அதன் கடைசிக் காலம் நம் ஊரில், கேஸ் மீட்க ஏற்பாடில்லாத இடத்தில். அவர்கள் குப்பையை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆப்பிரிக்காவில் கானா நாடு 2013 முதல் பழைய ஃபிரிட்ஜ் இறக்குமதிக்குத் தடை போட்டது. நாமும் அப்படி ஒரு முடிவுக்கு வர வேண்டாமா?

குளிர்ப்பட்டறை (ரங்கூன்)

தம்பி, தடை போட்டால் பூக்கடை அக்கா எங்கே போவார்? புதுப் பெட்டி வாங்கப் போவதில்லை, பூ வாடும், அவ்வளவுதான். ஒரு பெட்டியைச் செய்ய ஆன இரும்பு, செம்பு, பிளாஸ்டிக், உழைப்பு எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. இன்னும் பல வருடம் ஓடக்கூடிய பெட்டியை ஓட வைப்பதும் சுழற்சிதான். எல்லாப் பழசும் ஒன்றில்லை. பார்த்து வாங்க வேண்டும், பார்க்கத் தெரிந்தவர் கூட வர வேண்டும்.

அக்கா, கடைக்குப் போனால் இதைச் செய்யுங்கள். பெட்டியின் பின்னால் அல்லது உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். ஆர்-12 என்று இருந்தால் தொடாதீர்கள், அது மிகப் பழசு. அந்தக் காலத்துப் பெட்டிகளில் சுவர் நுரைக்குள்ளேயும் ஆர்-11 என்ற வாயு அடைந்திருக்கும், உடைத்தால் குழாயில் இருப்பதைவிட அதிகமாக வெளியே வரும். ஆர்-134ஏ இருந்தால் பரவாயில்லை. ஆர்-600ஏ என்று இருந்தால் நல்லது. அது ஐசோபியூட்டேன், பூமியைச் சூடாக்குவது மிகக் கொஞ்சம். 2002 வாக்கில் ஜப்பான் கம்பெனிகள் அதற்கு மாறத் தொடங்கின. ஆனால் தீப்பற்றும், பழுது வந்தால் அது தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

அப்புறம் கதவு ரப்பர். ஒரு நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது. கதவைச் சுற்றி நான்கு பக்கமும் இப்படிப் பாருங்கள். லேசாக வளைந்திருந்தால் வெந்நீர்த் துணியால் ஒற்றினால் நிமிர்ந்துவிடும், வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஜப்பான் பெட்டி 100 வோல்ட், நம் வீட்டுக்கு வருவது 230. நடுவே டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைத் தொட்டுப் பாருங்கள், பெட்டி நின்றிருக்கும்போதும் சூடாக இருந்தால் அந்தச் சூடெல்லாம் நீங்கள் கட்டுகிற கரண்டுக் காசு. அளவுக்கு மீறிப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்காதீர்கள்.

பூவுக்கு ஒரு வார்த்தை. மல்லிகையை ஈரத் துணியில் சுற்றி நடுத்தட்டில் வையுங்கள், ஃபிரீசரை ஒட்டி வைத்தால் கருகிவிடும்.

கரண்டுக்கம்பி

எங்கள் தெருவில் ஒருவர் ஃபிரிட்ஜுக்குச் சமையல் கேஸையே அடித்துக் கொடுக்கிறார். நன்றாகக் குளிர்கிறது, விலையும் மலிவு. சூடாக்கும் திறனும் குறைவுதானே? இதையே எல்லோரும் செய்யலாமே?

மோல்மேன்காரன்

செய்யக் கூடாது. குளிர்வது உண்மை. புரோபேன் அருமையான குளிரூட்டி, அதன் பெயர் ஆர்-290. இந்தியாவில் கோத்ரெஜ் கம்பெனி 2012லேயே அதில் ஓடும் ஸ்பிளிட் ஏசி கொண்டுவந்தது. ஆனால் அந்த மெஷினை முதலிலிருந்தே அதற்கென்று செய்திருக்கிறார்கள். கேஸின் அளவு குறைவு, பொறி வரும் இடங்கள் மூடப்பட்டிருக்கும்.

அடுப்பு சிலிண்டரில் இருப்பது சுத்தமான புரோபேன் இல்லை. புரோபேனும் பியூட்டேனும் கலந்திருக்கும், ஈரம் இருக்கும், வாசனைக்குக் கந்தகப் பொருள் இருக்கும். ஈரம் கேபிலரி என்கிற மெல்லிய குழாயில் உறைந்து அடைக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, பழைய ஃபிரிட்ஜில் தெர்மோஸ்டாட்டும் விளக்கு சுவிட்சும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. இரவில் உள்ளே ஒழுகி நிறைந்து, காலையில் கதவைத் திறக்கும்போது சுவிட்சில் சின்னப் பொறி வந்தால் போதும். முன்னால் நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். அப்படி அடித்த பெட்டி இருந்தால் தயவுசெய்து பிளக்கைக் கழற்றிக் காற்றோட்டமான இடத்துக்கு நகர்த்துங்கள். அந்த மெக்கானிக்கிடமும் பேசுங்கள்.

பால்வண்டி (இன்செயின்)

சரி, கேஸ் விஷயம் புரிந்தது. என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மெஷின் நன்றாக இருந்தாலும் கரண்டு இல்லாத நேரத்தில் என்ன செய்வது? ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே லாபம் போகிறது. பேட்டரி வாங்கச் சொல்கிறார்கள், அது சில வருடத்தில் குப்பை.

பொறியியல் மாணவி

அண்ணே, கரண்டைச் சேமிக்க வேண்டாம், குளிரைச் சேமியுங்கள். ஒரு கிலோ பனிக்கட்டி கரைய 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பாலைக் கறந்ததும் 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர லிட்டருக்குச் சுமார் 120 கிலோஜூலை எடுக்க வேண்டும். 10 லிட்டருக்கு 1,200. கணக்குப்படி சுமார் 3.6 கிலோ பனிக்கட்டி. வெளிச்சூடு உறிஞ்சுவதையும் சேர்த்து 6 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பாலில் போடக் கூடாது. கேனைப் பனித்தண்ணீர்த் தொட்டிக்குள் கழுத்து வரை இறக்கி, பாலை அவ்வப்போது கிளறிவிட வேண்டும். கிளறாவிட்டால் ஓரம் குளிர்ந்து நடு அப்படியே வெதுவெதுப்பாக இருக்கும்.

கரண்டு வருகிற நேரத்தில் ஃபிரீசரை நிறையத் தண்ணீர் டப்பாக்களால் நிரப்பி உறைய வைத்துவிடுங்கள். சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றுக்குள் சுவர் வழியே நுழைகிற வெப்பம் சுமார் 30 வாட் என்று வைத்தால், 10 கிலோ பனிக்கட்டி அதை 30 மணி நேரம் தாங்கும். கதவை அடிக்கடி திறந்தால் குறையும். உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தருகிற சூரியசக்தி தடுப்பூசிப் பெட்டிகளில் பலவும் இதே வழிதான்: பகலில் தகடு கரண்டு தரும்போது உள்ளே பனிக்கட்டி கட்டும், இரவில் அந்தப் பனிக்கட்டி தடுப்பூசியைக் காக்கும். பெரிய பேட்டரியே இல்லை. தண்ணீர் எத்தனை முறை உறைந்து கரைந்தாலும் தேய்வதில்லை.

தட்டோன்வாசி

படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் பக்கம் பனிக்கட்டியை வீசைக் கணக்கில் வாங்கி உமிக்குள் புதைத்து வைப்பது பழைய பழக்கம். உமி தெர்மக்கோல் அளவுக்கு இல்லாவிட்டாலும் கிட்டத்தட்ட வரும். நெல் விளைகிற நாட்டில் உமிக்குப் பஞ்சமா? ஒரு மரப்பெட்டிக்குள் இன்னொரு பெட்டி, நடுவே ஒரு சாண் உமி. உமி நனையக் கூடாது, நனைந்தால் குளிரைப் பிடிக்காது, பூஞ்சையும் வரும். அதனால் உள் பெட்டிக்குத் தகரமோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டு, கரைந்த தண்ணீர் வெளியேற அடியில் குழாய் வையுங்கள். மூடியிலும் உமி வேண்டும். பலர் சுவரை மட்டும் கனமாகச் செய்துவிட்டு மூடியை ஒற்றைப் பலகையாக விட்டுவிடுகிறார்கள்.

சில அரிசி ஆலைகளில் உமியை எரிவாயுவாக்கி எஞ்சின் ஓட்டுகிறார்கள். அந்த எஞ்சினிலேயே ஒரு சின்ன ஐஸ் மெஷினையும் ஓட்டினால் ஊருக்கே குளிர் கிடைக்கும். ஒரே கவலை, வாயுவைக் கழுவுகிற தார்த் தண்ணீர். அதை வாய்க்காலில் விட்டால் மீன் சாகும், அதைத் தேக்கிச் சுத்தம் செய்யாமல் இதைத் தொடங்கவே கூடாது.

சிங்கை வாசி

இங்கே மெரினா பே பகுதியில் 2006லிருந்து ஒரு ஏற்பாடு ஓடுகிறது. நிலத்தடியில் பெரிய குளிர்நீர் நிலையம், அங்கிருந்து குழாய் வழியாகப் பல கட்டடங்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் போகிறது. கட்டடக்காரர்கள் மெஷின் வாங்குவதில்லை, எடுத்துக்கொண்ட குளிருக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள். மெஷின் குளிரை விற்பவருடையது. ஒழுகினால் அவருக்கு நஷ்டம், சீக்கிரம் கெட்டால் அவருக்கு நஷ்டம். அதனால் பார்த்துப் பராமரிக்கிறார். விற்றுவிட்டுப் போகிற கடைக்காரருக்கு அந்த அக்கறை வர வழியில்லை.

பெரிய நகரத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நைஜீரியாவில் கோல்ட்ஹப்ஸ் என்கிற நிறுவனம் சந்தைகளிலேயே சூரியசக்திக் குளிர் அறைகளை வைத்து, ஒரு கூடைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. காய்கறி விற்கிற பெண்கள் கூடையை வைத்துவிட்டுப் போய் மறுநாள் எடுக்கிறார்கள். பூக்கடை அக்கா மாதிரிப் பத்துப் பேர் சேர்ந்தால் தலைக்கு ஒரு பழைய ஃபிரிட்ஜ் வேண்டாமே.

பூக்கடை அக்கா

கூடைக் கணக்கு என்றால் எனக்குப் பிடிக்கும் தம்பி. எங்கள் வரிசையில் பூ, வாழை இலை, வெற்றிலை என்று விற்கிறோம். எல்லோருக்கும் ராத்திரி மட்டும்தான் குளிர் வேண்டும். ஆனால் அறை யாருடையது, சாவி யாரிடம் என்பதில்தான் சண்டை வரும். மீன் கூடையை அதே அறையில் வைக்க விட மாட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குப் பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி பார்த்து ஒரு பெட்டி வாங்குகிறேன், வரிசையில் பேசியும் பார்க்கிறேன்.

நெறியாளர்

இழை நீண்டுவிட்டது, நல்ல இழை. தொடக்கக் கேள்விக்குத் திரும்புவோம். கம்ப்ரசர் ஓடுகிற ஏசிக்குப் பம்ப் டவுன் சொல்லியாயிற்று. கம்ப்ரசர் செத்துப் போன மெஷினில் கேஸை எப்படி எடுப்பது?

குளிர்ப்பட்டறை (ரங்கூன்)

அதற்குக் கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் நிரப்புகிற ரெக்கவரி மெஷின் வேண்டும். அது விலை கூடின சாமான், கரண்டும் வேண்டும். ஒவ்வொரு சின்னப் பட்டறையும் வாங்க முடியாது. பக்கத்துப் பட்டறைகள் கூடி ஒன்று வாங்கி முறை வைத்துக்கொள்வதுதான் வழி, அதற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெஷின் வரும் வரைக்கும், மெஷின் இருந்தும் கரண்டு இல்லாத நாளுக்கும், மேலே பேசின பனிக்கட்டியே கைகொடுக்கும். கேஸ் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குப் போய்த் திரவமாகும். 35 டிகிரியில் நிற்கிற ஏசிக்குள் ஆர்-22ன் அழுத்தம் ஏறக்குறைய 180 பி.எஸ்.ஐ. பனித்தண்ணீரில் பூஜ்ய டிகிரியில் இருக்கிற சிலிண்டருக்குள் 57 தான் இருக்கும். வேக்கம் பிடித்த (உள்ளே இருந்த காற்றை உறிஞ்சி எடுத்த) காலி சிலிண்டரைப் பனிக்கட்டித் தொட்டியில் இறக்கி, ஹோஸைப் பொருத்தி, ஹோஸிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, வால்வைத் திறந்தால் கேஸ் தானே நடந்து வரும். வெளி யூனிட் வெயிலில் இருந்தால் இன்னும் நல்லது. மெதுவாகத்தான் வரும், அவசரப்பட்டால் ஆகாது. கடைசியில் கொஞ்சம் ஆவி உள்ளேயே தங்கும், பெரும்பகுதி வந்துவிடும். பனிக்கட்டியில் உப்புப் போட்டால் இன்னும் கீழே இறங்கும், இன்னும் கொஞ்சம் வரும்.

மோல்மேன்காரன்

இதைச் செய்கிறவர்கள் சிலிண்டர் விஷயத்தில் விளையாட வேண்டாம். கடையில் கேஸ் வருகிற, ஒரு தடவை மட்டும் பயன்படுத்துகிற சிலிண்டரில் திரும்ப நிரப்பக் கூடாது, அது அதற்குச் செய்ததில்லை. இரண்டு வால்வு உள்ள, திரும்ப நிரப்புகிற சிலிண்டர் வேண்டும். சோதனைத் தேதி கழுத்தில் அடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள். துருப்பிடித்தது வேண்டாம். எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். குளிர்ந்த சிலிண்டரில் நிறைய இடம் இருப்பது போலத் தெரியும், வெயிலில் எடுத்து வைத்ததும் உள்ளே திரவமாக இருக்கிற கேஸ் விரிந்து சிலிண்டரைப் பிளந்துவிடும். தராசில் நிற்க வைத்தே நிரப்புங்கள், தொட்டியோடு சேர்த்து எடை பார்த்தாலும் சரி. ஆர்-410ஏவுக்கு அழுத்தம் மிக அதிகம், ஆர்-22 சிலிண்டரை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் ஹோஸைக் கழற்றாதீர்கள், திரவக் கேஸ் பட்டால் தோல் உறைந்து வெந்துவிடும்.

பொறியியல் மாணவி

ஒரு சிலிண்டருக்கு ஒரே வகைக் கேஸ் என்பதையும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கலந்துவிட்டால் நம்மிடம் இருக்கிற சாதனங்களால் பிரிக்க முடியாது. 2011ல் வியட்நாமில் பழுது பார்த்த கப்பல் குளிர் கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று விற்ற வாயுவில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. அது கம்ப்ரசரின் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்கிற பொருளாக மாறிவிட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சிலிண்டரை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள்.

கருகின கம்ப்ரசரிலிருந்து எடுத்த கேஸில் அமிலம் இருக்கும். அதைத் தனி சிலிண்டரில் வையுங்கள், இன்னொரு மெஷினுக்கு அடிக்கக் கூடாது. அழிக்கிற வழி உண்டு. இந்தோனேசியாவில் சிமெண்ட் சூளையின் வெப்பத்தில் பழைய வாயுக்களை அழித்திருக்கிறார்கள். இங்கும் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன, அரசு அனுமதியும் அளவிடும் கருவிகளும் வந்தால்தான் நடக்கும். அதுவரை பூட்டி வைப்பதே சரி.

குளிர்ப்பட்டறை (ரங்கூன்)

அப்படியானால் சிலிண்டரில் கட்டுகிற சீட்டில் இவ்வளவு எழுதுவோம்: கேஸின் பெயர், எந்த மெஷினிலிருந்து எடுத்தது, கம்ப்ரசர் நல்லதா கருகியதா, காலி எடை, இப்போதைய எடை, எடுத்தவர் பட்டறை. நல்ல கேஸை அதே வீட்டுக்காரரின் மெஷினுக்கோ, அதே வகை மெஷினுக்கோ ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கிற ஃபில்டர் டிரையர் வழியாக விட்டுத் திரும்பப் பயன்படுத்துவோம். வீட்டுக்காரரிடம் அதை மறைக்காமல் சொல்லி, புதுக் கேஸைவிடக் குறைந்த விலைக்குப் போடுவோம். பழைய இரும்புக் கடைக்காரர்களிடமும் பேசியிருக்கிறேன். குழாயை வெட்டுவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டால் பெட்டிக்கு இவ்வளவு என்று கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். செம்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

இன்செயின் பக்கம் பெட்டி வந்தால் பனிக்கட்டிக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது.

பால்வண்டி (இன்செயின்)

அண்ணே, அதை என்னிடம் விடுங்கள். காலைப் பால் போன பிறகு தொட்டியில் மீதிப் பனிக்கட்டி நிற்கும், அன்றாடம் வீணாகத்தான் கரைகிறது. ஒன்பது மணிக்கு மேல் சிலிண்டரைக் கொண்டு வந்தால் தொட்டியிலேயே இறக்கிக்கொள்ளலாம். உப்பு மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள், உப்புத் தண்ணீரை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கொட்டாமல் வடிகாலில் விட வேண்டும். தராசு என்னிடம் இருக்கிறது.